வன்னியில் தொண்டர்கள் நடத்தும் ஒரு சிறு நூதனசாலை: தொடங்குவோருக்கான வழிகாட்டி

சனசமூக நிலையத்தில் பயன்படாமல் கிடக்கும் ஓர் அறை, பூட்டக்கூடிய இரண்டு அலுமாரிகள், வாரத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கக்கூடிய நான்கைந்து தொண்டர்கள் ஆகியவை இருந்தால், ஓர் ஊர் தன் காணி, ஆட்சி, உடன்படிக்கை ஆகியவற்றின் வரலாற்றைக் காக்கத் தொடங்கிவிடலாம். கட்டட நிதிக்காகக் காத்திருக்க வேண்டாம். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடம்பெயர்வில் இழந்தவை போக எஞ்சிய பழைய காணி உறுதிகளும் ஓலை ஏடுகளும் ஒவ்வொரு மாரியிலும் குறைந்துகொண்டே போகின்றன.

முதலில் வாங்க வேண்டியது கண்ணாடிப் பேழை அன்று, கெட்டி அட்டையிட்ட ஒரு பதிவேடு. வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், வந்த திகதி, கொடுத்தவர் பெயர், அது அவருக்கு எவ்வாறு கிடைத்தது, அன்பளிப்பா இரவலா, வந்தபோது எந்நிலையில் இருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். இரவலாயின் திருப்பிக் கொடுக்கும் காலத்தையும் குறித்து, இரு பிரதிகளில் ஒப்பம் பெறுங்கள். தாளில் இலக்கமிடுவதற்கு மென்மையான பென்சிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இன்றும் நடைமுறையிலுள்ள காணி உறுதிகளைப் படமெடுத்துவிட்டு உரியவரிடமே அன்றே ஒப்படையுங்கள். அவை அக்குடும்பத்தின் கையில் இருக்க வேண்டியவை. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பொருளை எவரேனும் கொண்டுவந்தால், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நினைவில் இருக்கட்டும்: அதனை விலை கொடுத்து வாங்காமல், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஏடுகளைப் பேணுவதில் அவசரம் கூடாது. மென்மையான தூரிகையால் தூசு தட்டி, கஞ்சியில்லாமல் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி பூச்சிகளை அழைக்கும். எழுத்து மங்கிய ஏட்டில் கரி பூசுவதும் எண்ணெய் தடவுவதும் நம் முன்னோர் அறிந்த முறைகளேயாயினும், வெடித்த ஏட்டில் பயிற்சியற்ற கை படக்கூடாது. கிழிந்த தாளில் ஒட்டுநாடாவை ஒருபோதும் ஒட்டாதீர்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தால் கறையான் ஏறுவது உடனே கண்ணுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம்விட அதிக உழைப்பைக் கேட்பது பொருளுக்கு அருகே வைக்கும் விளக்க அட்டையே. உடன்படிக்கை என்பது இரு தரப்பாரின் பேச்சாக இருந்தாலும், எஞ்சுவது பெரும்பாலும் எழுதிய தரப்பின் தாள் மட்டுமே. வட அமெரிக்காவின் டெலவெயர் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த லெனாபே மக்களுக்கு நேர்ந்ததைத் தொண்டர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1737 இல், அங்கே பென்சில்வேனியா என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென்னின் மைந்தர்கள், 1686 ஆம் ஆண்டுக்குரியதாகச் சொல்லப்பட்ட ஓர் உறுதியின் நகலைக் காட்டி, ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரையுள்ள நிலம் தமக்குரியது என்றனர். வழமையான நடையென்று லெனாபே தரப்பினர் எண்ணியிருக்க, மறுதரப்பு முன்கூட்டியே காட்டில் வழி வெட்டி, விரைந்து செல்லும் மூவரை அமர்த்தியது. அவர்களுள் ஒருவர் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் சென்றார். சுமார் 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிபோனது. அந்தத் தாளை மட்டும் கண்ணாடிக்குள் வைத்து ‘நில விற்பனை உறுதி’ என்று எழுதினால், நூதனசாலையும் அந்த ஏமாற்றுக்கு உடந்தையாகிவிடும். லெனாபே மக்கள் தம் உடன்பாடுகளைச் சிப்பிமணி கோத்த பட்டிகளாலும் நினைவில் நிறுத்தினர்; அவையும் ஆவணங்களே.

ஆகவே ஒவ்வோர் அட்டையிலும் ஆவணம் எந்த மொழியில் எழுதப்பட்டது, எழுதியவர் யார், ஒப்பமிட்டவர் அந்த மொழியை அறிந்திருந்தாரா, பின்னர் நிலத்தில் நடந்தது என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். நம் ஊரிலேயே பயிற்சிக்கு ஒரு கல் உண்டு. வன்னியின் சிற்றரசனான பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் அவன் தோல்வியுற்றதைக் குறித்து, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லின் ஆங்கில வாசகத்தில், அவனைத் தோற்கடித்த பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் எழுவாயாகவும் வன்னியன் செயப்படுபொருளாகவும் நிற்கின்றனர். அக்கல்லின் படத்தை வைப்போர், ஓகஸ்ட் மாத வெற்றியையும் அதே அட்டையில் எழுத வேண்டும்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்களிடம் யானைகளைத் திறையாகக் கேட்டனர். அக்காலப் பதிவுகளின் பெருந்தொகுதி கொழும்பில், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளது. மூலம் கிடைக்காத இடத்தில் பிரதியை வைத்து, அது பிரதி என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

முதியவர்களின் நினைவுகளைக் கைப்பேசியில் பதிவதற்கு முன், அதனை யார் கேட்கலாம் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிவையுங்கள். படங்கள், ஒலிப்பதிவுகள், பதிவேடு ஆகியவற்றின் பிரதி ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. அறையின் திறப்பை இருவர் வைத்திருங்கள். மாதத்தில் ஒரு நாள், ஒருவர் பதிவேட்டிலுள்ள இலக்கத்தை வாசிக்க மற்றவர் அலுமாரியிலுள்ள பொருளைக் கையால் தொட்டு உறுதிசெய்யட்டும்.