கொக்கின் வெள்ளை மாறாமல் எஃபெக்ட் போடுவது எப்படி?

மட்டக்களப்பு வாவியில் எடுக்கும் பறவைப் படங்கள் பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் கெடுகின்றன. பின்னால் இருண்ட கண்டல், முன்னால் வெயிலில் வெள்ளைக் கொக்கு. கமரா கண்டலின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகு முழுக்க வெறும் தாள்போல் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த இடத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 ஸ்டொப் வரை (1 ஸ்டொப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்து, கமரா சுருக்காமல் தரும் ரோ கோப்பாக எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரோவில் 16,384. மூட்டத்தை நீக்கும் டிஹேஸைக் கூட்டியதும் வானம் பட்டை பட்டையாகப் பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படிக்குறைவே.

கணினியில் படம் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் ஒவ்வொரு எஃபெக்டுக்கும் தனி விர்ச்சுவல் கொப்பி (மூலப்படத்தைத் தொடாத நகல்) எடுத்துக்கொண்டால் பயமில்லாமல் சோதிக்கலாம். முதலில் வெளிச்சமான பகுதிகளுக்கான ஹைலைட்ஸை -50 முதல் -70 வரை இறக்குங்கள். பிறகு பறவையை மாஸ்க்கால் (திருத்தம் விழும் பகுதியை மட்டும் பிரிக்கும் கருவி) தெரிவுசெய்து, இறகின் நுண்விவரத்தைக் கூட்டும் டெக்ஸ்சர் +20 கொடுங்கள். விளிம்புகளை அழுத்திக்காட்டும் கிளாரிட்டியை 30க்கு மேல் ஏற்றினால் உடலைச் சுற்றி வெளிர் வளையம் விழும். தானாக வரும் மாஸ்க் மெல்லிய காலையும் அலகையும் அடிக்கடி விட்டுவிடும். 200 வீதம் பெருப்பித்து, சிறிய பிரஷ்ஷால் அவற்றைச் சேருங்கள்.

பொன்னிற மாலை எஃபெக்ட்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதிகம் பிழை விடுவதும் அதில்தான். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பார்த்தவுடன் இனம் காண அதுவே போதும். உண்ணிக்கொக்குக்கோ இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். படம் முழுக்கப் பொன்னிறம் பூசினால் எந்தக் கொக்கும் உண்ணிக்கொக்காகிவிடும். அதனால் பறவையின் மாஸ்க்கைத் தலைகீழாக்கி, பின்னணிக்கு மட்டும் டெம்பரேச்சரை (நிறத்தின் சூடு) +10, எக்ஸ்போஷரை -0.4 ஆக்குங்கள். கொக்கின் நிழல் பக்கத்தில் மட்டும் இலேசான சூடு இருந்தால் ஒட்டவைத்ததுபோல் தெரியாது. ஒளியை எவ்வளவும் மாற்றிப் பாருங்கள், இறகின் நிறத்தில் கைவைக்காதீர்கள்.

கல்ஓயாவின் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளுக்குக் கறுப்பு வெள்ளை நன்றாகப் பொருந்தும். நனைந்த தோல் கறுத்தும், காய்ந்த சேறு வெளுத்தும் நிற்கும். அந்த வேறுபாடுதான் படம். கலர் மிக்ஸில் ஒரேஞ்சை +20 ஏற்றி நீலத்தை -30 இறக்கினால் தண்ணீர் கறுத்து யானை தனித்துத் தெரியும். நீலத்தை -50க்குக் கீழே கொண்டுபோனால் வானத்தில் புள்ளிப்புள்ளியாக நொய்ஸ் கிளம்பும்.

நிழலுரு எடுக்கக் கல்லடிப் பக்கம் நின்று மேற்கே வாவியைப் பார்க்கும் அந்திப்பொழுது நல்லது. சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம் கம்போடு ஒட்டாமல் நிற்கவேண்டும். உருவம் பிரியாத படத்தில் கருமையைக் கூட்ட பிளாக்ஸை -40 ஆக்கினாலும் ஒரு கரும்பொட்டுத்தான் மிஞ்சும்.

கைபேசியில் ஸ்னாப்சீட் செயலி போதும். ஆயத்த ஃபில்டரை நேரே போடாமல், பிரஷ்ஷால் பின்னணியில் மட்டும் தடவுங்கள்.

ஏற்றுமதிக்கு எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளி), நீண்ட பக்கம் 2048 பிக்சல். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் விட்டால் பல திரைகளில் நிறம் மங்கும். கூடு தெரியும் படமானால் கோப்பில் பதிந்த இடத் தகவலையும் நீக்கிவிட்டே அனுப்புங்கள். கூட்டைத் தேடி ஆட்கள் திரண்டால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் போய்விடும்.