ஒரே வியாபாரிக்கு மூன்று கணக்கு: சரிசெய்த கதை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பில்லிங் மென்பொருளை நான்தான் கவனிக்கிறேன். போன சீசனில் ஒரு வியாபாரியிடம் கூழுக்கான பாக்கியைக் கேட்டோம். "நான் போட்ட பெங்களூரா ரக மாங்காய்க்கு நீங்கதானேங்க எனக்குத் தரணும்?" என்றார். மனசு சங்கடமாகிவிட்டது, அவர் சொன்னதே சரி.

மென்பொருளில் அவர் கூழ் வாங்குபவராக ஒரு டேபிளில் (தகவல் அட்டவணையில்), மாங்காய் சப்ளையராக வேறு டேபிளில் இருந்தார். அவருடைய பெங்களூரு கிளை தனி வாடிக்கையாளர். மூன்றும் ஒரே ஆள் என்று சிஸ்டத்துக்குத் தெரியவே இல்லை.

'நபர்/நிறுவனம்' என ஒரே டேபிள் போட்டேன். வாங்குபவர், சப்ளையர் என்பதெல்லாம் அதோடு இணையும் பொறுப்புகள். ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். கிளைகளைச் சேர்க்க ஜிஎஸ்டி எண்ணே உதவியது. அதன் 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33, கர்நாடகா 29), அடுத்த பத்து பான் எண். பான் ஒன்றென்றால் ஆளும் ஒன்றே.

ஜிஎஸ்டி இல்லாத விவசாயிகள்தான் கஷ்டம். செல் நம்பரை வைத்துச் சேர்க்கப் பார்த்தேன். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நம்பர், தோட்டம் மட்டும் வேறு வேறு. அவர்கள் காசு தப்பான கணக்கில் விழக்கூடாது. அதனால் அந்தப் பட்டியலை எடைமேடைக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய பில்கள் தேடக் கிடைக்கணுமே என்று பழைய கணக்குக் குறியீடுகளையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.