சாலொமோன் தீர்ப்பு: வாளை முதலில் எடுக்காதீர்கள்

ஒரே வீட்டில் இருந்த இரண்டு தாய்மாரில் ஒருத்தியின் பிள்ளை செத்துப்போக, உயிரோடிருக்கிற பிள்ளை தன்னுடையது என்று இருவரும் சாலொமோன் ராஜாவிடம் வழக்காடுகிறார்கள். பிள்ளையை வாளால் பிளக்கச் சொல்கிறான் ராஜா; ஒருத்தி பிள்ளை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுக்கிறாள், அவளே தாய் என்று தீர்ப்பாகிறது. ஞாயிறு பள்ளியில் பல வருஷம் இந்தக் கதையை அவசரமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அட்டையில் வாள் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, நேரே ‘பிள்ளையை இரண்டாகப் பிளந்து’ என்ற இடத்துக்குப் போய்விடுவேன். யூத மத அறிஞர்களான ரபிகள் இதை வாசிக்கிற விதம் தெரிந்த பிறகு வாள் கடைசியில்தான் வெளியே வருகிறது.

1 இராஜாக்கள் 3:16-28ஐ வாய்விட்டு வாசியுங்கள். 18ஆம் வசனத்தில் ஒரு கோடு போடுங்கள்: வீட்டில் அந்த இரண்டு பெண்களைத் தவிர யாரும் இல்லை. அதாவது, சாட்சியே இல்லாத வழக்கு.

அப்புறம் 23இல் நில்லுங்கள். இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று ராஜா திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். நாம் தாண்டிப் போகிற வசனம் இது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் இதையே ஆதாரமாகக் காட்டி, நீதிபதி இரு தரப்பு வாதத்தையும் கேட்டுத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்கிறார். வகுப்பில் செய்து பாருங்கள். பென்சில் யாருடையது என்று இருவர் சண்டை போடட்டும், மூன்றாவது பிள்ளை ராஜா. கூட்டாமல் குறைக்காமல் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் வகுப்பு ராஜாக்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே, “ஆனா இவ பொய் சொல்றா டீச்சர்” என்று கட்சி சேர்ந்துவிடுவார்கள். சரி, முதலிலிருந்து!

இப்போது வாள். வேதத்துக்கு உரை எழுதிய யூத அறிஞர் ராஷியின் கணக்கில் அரியணை ஏறும்போது சாலொமோனுக்கு 12 வயது. வேதக் கதைகளுக்குப் பழைய ரபிகள் சொன்ன விளக்கத் தொகுப்பான மித்ராஷில் ரபி யூதா பார் இலாய்க்கு இந்தத் தீர்ப்பு அறவே பிடிக்கவில்லை. ஒரு பிள்ளை செத்தது போதாதா, இன்னொன்றையும் வெட்டச் சொல்கிறானே, நான் அங்கே இருந்திருந்தால் அவன் கழுத்தில் கயிற்றைச் சுற்றியிருப்பேன் என்கிறார். ராஜா சிறுபிள்ளையாக இருக்கும் தேசத்துக்கு ஐயோ என்ற பிரசங்கி புத்தக வசனத்தையும் இங்கேதான் பொருத்துகிறார்கள். இதைச் சொல்லத் தயங்காதீர்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள்.

27ஆம் வசனத்தில், ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் ஒரு சந்தேகம் கிளப்புகிறது: விட்டுக்கொடுத்தவள் தந்திரமாக நடித்திருக்கலாமே, ராஜாவுக்கு எப்படித் தெரியும்? ‘அவளே அதின் தாய்’ என்றது வானத்திலிருந்து வந்த குரல் என்பது அதன் பதில். எபிரெயத்தில் அது இரண்டே சொல். மேற்கோள் குறியும் கிடையாது. அதனால் அந்த வரியை ராஜா வேஷக்காரனுக்குக் கொடுக்காதீர்கள். கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு பிள்ளை சொல்லட்டும்.