வைஃப், வைஃபோட பொண்ணு, மாமனார், மாமியார்: அமெரிக்க இமிக்ரேஷன் பேப்பர்ல பண்ணக் கூடாத தப்புகள்

கல்யாண சீசன் முடிஞ்சு ஒரு மாசத்துல எனக்கு போன் வர ஆரம்பிச்சுரும். "அண்ணா, வைஃபுக்கு பேப்பர் போடணும், என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப் பண்ணி விடுங்க." லிஸ்ட் அனுப்புறது பெரிய விஷயமில்ல, அது அமெரிக்க இமிக்ரேஷன் ஆஃபீஸான யூஎஸ்சிஐஎஸ் சைட்லயே இருக்கு. ஆனா லிஸ்ட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரும் போய் விழுற குழி மட்டும் வருஷா வருஷம் அதே குழியா இருக்கே, அத பாக்கத்தான் முடியல. நான் வக்கீல் இல்ல, எங்க வீட்டு ஆளுங்க பேப்பர எல்லாம் நானே போட்டதுல பழகினதுதான். சிக்கலான கேஸ்னா காசு செலவு பண்ணி ஒரு இமிக்ரேஷன் அட்டர்னிய பாருங்க, கன்சல்டன்ட்னு போர்டு மாட்டினவங்கள இல்ல.

கையெழுத்து போட மறக்காதீங்க, பழைய எடிஷன் ஃபார்ம் அனுப்பாதீங்க, போட்டோல கண்ணாடி போடாதீங்க, இதெல்லாம் சொல்லப் போறதில்ல. அதுல தப்பு பண்ணினா திருப்பி அனுப்புவாங்க, மறுபடி போட்டா சரியாயிரும். சரியாக்க வருஷக்கணக்குல ஆகுறத மட்டும் பேசுவோம்.

நீங்க சிட்டிசன் ஆன அன்னைக்கு குழந்தை கேஸ்ல இருந்து விழுந்துரும்

இத நெனச்சாலே இன்னும் எரிச்சலா வருது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நீங்க க்ரீன் கார்டுல இருக்கீங்க. மனைவிக்கு ஐ-130, அதாவது குடும்பத்து ஆள கூட்டிட்டு வர்றதுக்கான பெட்டிஷன், போடுறீங்க. அது எஃப்2ஏ கேட்டகிரி, க்ரீன் கார்டு வச்சிருக்கிறவங்களோட மனைவி, குழந்தைக்கான க்யூ. அவங்களுக்கு முதல் கல்யாணத்துல ஒரு குழந்தை இருந்தா அந்த ஃபார்ம்லயே குழந்தை பேரையும் எழுதுறோம், அது டெரிவேட்டிவா, அதாவது அம்மா கேஸ ஒட்டிக்கிட்டு, அம்மா கூடவே வரும், தனி பெட்டிஷன் கட்டாயமில்ல. இது வரைக்கும் சரி.

இப்ப நடுவுல நீங்க சிட்டிசன் ஆயிட்டீங்க. மனைவியோட கேஸ் தானாவே எஃப்2ஏ-ல இருந்து இம்மீடியட் ரிலேட்டிவ்னு மாறிரும். க்யூ கிடையாது, விசா நம்பருக்கு காத்திருக்க வேண்டாம், எல்லாரும் கை குடுத்து வாழ்த்து சொல்வாங்க. ஆனா இம்மீடியட் ரிலேட்டிவ் கேட்டகிரில டெரிவேட்டிவ்னு ஒண்ணே கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிஷன், அவ்வளவுதான். நீங்க கைய தூக்கி ஓத் (சிட்டிசன் உறுதிமொழி) எடுத்த அந்த நிமிஷமே குழந்தை அந்த கேஸ்ல இல்ல. யாரும் லெட்டர் போட்டு சொல்லவும் மாட்டாங்க.

2019 ஜூலைல இருந்து 2023 மார்ச் வரைக்கும் எஃப்2ஏ கரண்ட்டா, அதாவது க்யூவே இல்லாம இருந்துச்சு, அதனால இந்தப் பிரச்சனை அப்ப அதிகமா வெளிய தெரியல, போட்டவங்க கேஸ் க்யூல நிக்காம போயிருச்சு. 2023 ஏப்ரல் விசா புல்லட்டின்ல (க்யூ நிலவரம் சொல்ற மாசாந்திர அறிக்கை) கட்-ஆஃப் தேதி வந்ததும் எல்லாரும் க்யூல நின்னாங்க, நிக்கிற நேரத்துல சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணாங்க, இந்தக் குழிக்குள்ள விழுந்தாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், நல்ல மனுஷன், வேலைல எக்ஸெல் ஷீட்டுக்கு எக்ஸெல் ஷீட் செக் பண்றவர். மறுமணம், அந்தப் பொண்ணுக்கு ஒம்பது வயசுல ஒரு மக. இவர் க்ரீன் கார்டுல இருக்கும்போது ஒரு கன்சல்டன்ட் மூலமா போட்டார். குழந்தை பேரு ஃபார்ம்ல இருக்கு, எல்லாம் ஓகே. அப்புறம் சிட்டிசன் ஆனார், சர்ட்டிஃபிகேட் காப்பிய அனுப்பினார், கேஸ் சடசடன்னு நகந்துச்சு. என்விசில (நேஷனல் விசா சென்டர்) இருந்து ஃபீஸ் பில் வந்தப்ப ஒரு ஆளுக்குத்தான் வந்துச்சு. இவருக்கு உறுத்திருக்கு, கேட்டிருக்கார். கன்சல்டன்ட் சொன்ன பதில் "குழந்தைதான சார், அம்மா கூட வந்துரும், இன்டர்வ்யூல சேத்துக்குவாங்க." இந்த ஒரு வரிக்காக அந்த ஆள நேர்ல பாத்து நாலு கேள்வி கேக்கணும்னு எனக்கு இன்னும் ஆசை இருக்கு.

இன்டர்வ்யூ லெட்டர் பிடிஎஃப் எனக்கு அனுப்பி, என்ன டிரஸ் போட்டுட்டு போகணும்னு கேட்டார். நான் லெட்டர திறந்து பாத்தா அப்ளிகன்ட் பேரு இருக்குற இடத்துல ஒரே ஒரு வரி. அம்மா பேரு மட்டும். கேஸ் நம்பருக்கு பக்கத்துல விசா கிளாஸ் சிஆர்1, மனைவிக்குக் குடுக்குறது. "பொண்ணு பேரு எங்கங்க?"னு கேட்டேன். ரொம்ப நேரம் லைன்ல சத்தமே இல்ல. அதுக்குள்ள ஊர்ல ஸ்கூல்ல டிசி வாங்கியாச்சு, மும்பைக்கு மூணு பேருக்கு டிக்கெட் போட்டாச்சு.

அதுக்கப்புறம் நடந்தத யோசிச்சு பாருங்க. இமிக்ரன்ட் விசா கெடச்சா பொதுவா ஆறு மாசத்துக்குள்ள உள்ள வந்தாகணும், மெடிக்கலோட காலாவதி அப்படி. வந்து க்ரீன் கார்டு வாங்கிட்டு திரும்பி ஊருக்குப் போய் உக்கார முடியாது. குழந்தைக்கு புதுசா ஐ-130 போட்டா அது முதல்ல இருந்து ஆரம்பம், அப்ரூவல், என்விசி, இன்டர்வ்யூ, ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அம்மா வந்தா பொண்ணு பாட்டி வீட்ல. அம்மா வரலைன்னா விசா போச்சு. கடைசில அம்மா வந்தாங்க, பொண்ணு பாட்டி வீட்ல இருந்துச்சு. இவ்வளவையும் ஒரு ஐ-130 ஃபீஸ், 2024 ஏப்ரல்ல மாத்தின கணக்குப்படி ஆன்லைன்ல 625 டாலர், பேப்பர்ல 675, அந்தக் காசுல தவிர்த்திருக்கலாம்.

என்ன பண்ணணும்னா, க்ரீன் கார்டுல இருக்கும்போதே மனைவிக்கு ஒண்ணு, குழந்தைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட்டுருங்க. "ஒண்ணு போதும்னு போட்டிருக்கே"ன்னு சொல்லாதீங்க, போதும்தான், நீங்க சிட்டிசன் ஆகாத வரைக்கும். ஏற்கனவே ஒண்ணுதான் போட்டிருக்கீங்க, ஓத் தேதி வந்துருச்சுன்னா, ஓத் முடிச்சு வீட்டுக்கு வந்ததும் நேச்சுரலைசேஷன் சர்ட்டிஃபிகேட்ட ஸ்கேன் பண்ணி அன்னைக்கு ராத்திரியே குழந்தைக்கு ஆன்லைன்ல போடுங்க. பாஸ்போர்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

கூட வயசு சம்பந்தமா ரெண்டு கணக்கு இருக்கு. குழந்தைக்கு 18 முடியறதுக்கு முன்னாடி உங்க கல்யாணம் நடந்திருக்கணும், அப்பதான் சட்டப்படி அது உங்க ஸ்டெப்சைல்டு. ரெண்டாவது, சிட்டிசனா நீங்க ஐ-130 போடுற தேதில குழந்தைக்கு 21 ஆகாம, கல்யாணமும் ஆகாம இருக்கணும், அப்ப வயசு அந்தத் தேதிலயே நின்னுரும், அப்புறம் கேஸ் இழுத்தாலும் பயமில்ல. 20 வயசு பிள்ளைய வச்சுக்கிட்டு "அடுத்த மாசம் போட்டுக்கலாம்"னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன்.

மனைவியோட முதல் கல்யாண டைவர்ஸ் டிக்ரி, இல்லன்னா முதல் கணவரோட இறப்பு சான்றிதழ், இது ரெண்டு பெட்டிஷன்லயும் போகணும். முதல் கணவர் உயிரோட இருந்தா கஸ்டடி ஆர்டரும் கையில இருக்கட்டும்.

இன்னொண்ணு, உங்க சொந்தக் குழந்தைன்னா க்ரீன் கார்டோட 18 வயசுக்குள்ள வந்து உங்க கூட, உங்க கஸ்டடில இருந்தா தானா சிட்டிசன் ஆயிரும். ஸ்டெப்சைல்டுக்கு அது கிடையாது, நீங்க முறைப்படி தத்தெடுத்தாலோ, பிள்ளைக்கு 18 ஆகறதுக்குள்ள அம்மா சிட்டிசன் ஆனாலோதான். அப்பா சிட்டிசன் ஆயிட்டார் அதனால பிள்ளையும் ஆயிட்டான்னு பாஸ்போர்ட்டுக்கு போய் நிக்காதீங்க.

மாமியாருக்கு மாப்பிள்ளை போட முடியாது

அவங்க மக, அதாவது உங்க மனைவிதான் போடணும், அவங்க சிட்டிசன் ஆகி 21 வயசும் ஆகியிருக்கணும். க்ரீன் கார்டு வாங்கி மூணு வருஷத்துல அவங்க சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம், ஆனா அந்த மூணு வருஷமும் நீங்க சிட்டிசனா இருந்திருக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணா வாழ்ந்திருக்கணும், இல்லன்னா அஞ்சு வருஷம். மாமனாருக்கு ஒரு பெட்டிஷன், மாமியாருக்கு ஒரு பெட்டிஷன். இங்கயும் டெரிவேட்டிவ் கிடையாது, அதனால "மச்சான் சின்னப் பையன்தான, அவனும் அவங்க கூட வரட்டும்"ங்குறது நடக்காது. மச்சானுக்கு அக்கா தனியா எஃப்4 (சிட்டிசனோட கூடப்பிறந்தவங்க கேட்டகிரி) போடணும், இந்தியாவுக்கு அது 15 வருஷத்துக்கு மேல. போட்டு வைங்க, ஆனா அவன் கல்யாணத்த அதுக்காக தள்ளிப் போடாதீங்க, எஃப்4-ல கல்யாணம் ஆகியிருந்தாலும் பரவாயில்ல.

பெரியவங்களுக்கு க்ரீன் கார்டு நிஜமாவே வேணுமா?

இத யாரும் அவங்ககிட்ட கேக்குறதே இல்ல. பிள்ளைங்க ஆசைப்பட்டு போட்டுருவாங்க, அவங்க வந்து நாலு மாசம் இருந்துட்டு "எனக்கு ஊருக்குப் போகணும்டா"ன்னு கிளம்பிருவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து மூஞ்சிய காமிச்சா கார்டு நிக்கும்னு ஒரு கதை எல்லா வீட்லயும் ஓடுது. கார்டு இங்க குடியிருக்கிறவங்களுக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா அந்தக் கார்ட காட்டி உள்ள வர முடியாது, அதுக்கு கம்மியா போயிட்டு வந்தாக்கூட குடியிருப்பு இங்க இல்லன்னு தெரிஞ்சா ஏர்போர்ட்ல கேள்வி வரும். போகணும்னா கிளம்புறதுக்கு முன்னாடி, இங்க இருக்கும்போதே ஐ-131 போட்டு ரீஎன்ட்ரி பர்மிட்டுக்கு (திரும்பி உள்ள வர்ற அனுமதி) அப்ளை பண்ணுங்க.

பேரப்புள்ளைய பாத்துட்டு போறதுதான் எண்ணம்னா டூரிஸ்ட் விசாவே நிம்மதி. ஆனா ஐ-130 போட்டுட்டு அப்புறம் டூரிஸ்ட் விசாவுக்கு போய் நின்னா "குடியேறத்தான போறீங்க"ன்னு மறுக்க வாய்ப்பு அதிகம். முதல்லயே எதுன்னு முடிவு பண்ணிக்கோங்க.

பேரு இல்லாத பிறப்பு சான்றிதழ்

மனைவியோட சர்ட்டிஃபிகேட்ட திறந்து பாருங்க. பெயர்ங்குற கட்டத்துல ஒரு சின்னக் கோடு, பாலினம் பெண், அப்பா பேரு, அம்மா பேரு. பாதி பேரோடது இப்படித்தான் இருக்கும். பதிவு பண்ணின ஆஃபீஸ்ல போய் பேர சேத்து புது காப்பி வாங்குங்க, இதுக்கு ஊர்ல ஒரு ஆள் நடக்கணும், அதனால ஐ-130 போட்ட கையோட இத ஆரம்பிச்சுருங்க, என்விசி கேக்கும்போது இல்ல.

மாமனார் காலத்து ஆளுங்களுக்கு சர்ட்டிஃபிகேட்டே இருக்காது. அப்ப அதே ஆஃபீஸ்ல பிறப்பு பதிவு இல்லன்னு ஒரு சான்றிதழ் வாங்கி, கூட ஸ்கூல் சர்ட்டிஃபிகேட், பிறந்தது தெரிஞ்ச மூத்த சொந்தக்காரங்களோட அஃபிடவிட். வெறும் அஃபிடவிட் மட்டும் அனுப்புறாங்க, அது நிக்காது. ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒண்ணு, பாஸ்போர்ட்ல ஒண்ணுன்னு இருந்தா ஃபார்ம்ல பாஸ்போர்ட் தேதிய எழுதிட்டு, வித்தியாசத்த அஃபிடவிட்ல நேரடியா சொல்லிருங்க. மறைச்சாத்தான் சிக்கல்.

இனிஷியல்

இனிஷியல் வச்சே பழகின நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா அவங்க பேரே சர்நேம் ஆகி, முன்னாடி எஃப்என்யூன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) ஒட்டிக்கும், அது அப்படியே லைசென்ஸ், பேங்க், சோஷியல் செக்யூரிட்டின்னு எல்லா இடத்துக்கும் போகும். விசாவுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ல சரி பண்ணுங்க.

டூரிஸ்ட் விசால கூட்டிட்டு வந்து இங்க க்ரீன் கார்டா மாத்திக்கலாம்

அந்த எண்ணத்தோட வராதீங்க. வர்ற காரணத்துல பொய் சொன்னாங்கன்னு முடிவாச்சுன்னா அந்தத் தடைக்கு காலாவதியே கிடையாது.

நோட்டரி பண்ணின மொழிபெயர்ப்பு

நோட்டரி வேண்டாம். முழுசா, சரியா மொழிபெயர்த்திருக்கேன், எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்னு மொழிபெயர்த்தவர் கையெழுத்து போட்டா போதும். ஆனா சீல்ல இருக்குற எழுத்து, பின்பக்கம் இருக்குறது எல்லாம் சேத்து முழுசா இருக்கணும்.

ஐ-864 வெறும் ஃபார்மாலிட்டி இல்ல

ஃப்ரெண்டுக்கு ஜாயின்ட் ஸ்பான்சரா கையெழுத்து போடுறவங்க இத படிச்சுட்டு போடுங்க. ஐ-864ங்குறது வர்றவங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் குடுக்குற கான்ட்ராக்ட். வந்தவங்க சிட்டிசன் ஆகணும், இல்ல 40 குவார்ட்டர், அதாவது சுமார் பத்து வருஷ வேலைக் கணக்கு சேரணும், இல்ல நாட்ட விட்டே போகணும், இல்ல இறக்கணும், அது வரைக்கும் பொறுப்பு உங்க தலைல. டைவர்ஸ் ஆனாலும் போகாது. வருமானம் பாவர்ட்டி கைட்லைன்ல (அரசாங்கம் போடுற வறுமைக் கோட்டு அளவு) 125 சதவீதமாவது இருக்கணும், குடும்பத்துல எத்தன பேருன்னு எண்ணும்போது முன்னாடி ஸ்பான்சர் பண்ணினவங்களையும் சேத்து எண்ணணும். மனைவிக்கு ஈஸியா தாண்டின ஆளுங்க மாமனார் மாமியாருக்கு வரும்போது இதுலதான் மாட்டுறாங்க.

ரெண்டு வருஷக் கணக்கு

உள்ள வர்ற அன்னைக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியலன்னா ரெண்டு வருஷ கார்டுதான். அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள, கார்டோட நிபந்தனைய நீக்கச் சொல்லி ஐ-751 போடணும், விட்டா ஸ்டேட்டஸே போயிரும். கார்டு வந்த அன்னைக்கே காலண்டர்ல போட்டு வைங்க. ரெண்டாவது கல்யாண நாளுக்கு பத்து நாள் முன்னாடி டிக்கெட் போடுறவங்க, விசா தேதி இடம் குடுத்தா டிக்கெட்ட தள்ளிப் போட்டு நாள் தாண்டி வாங்க. விசால ரெண்டு வருஷ கார்டுக்கான சிஆர்1னு இருந்தாலும் ஏர்போர்ட்ல கல்யாண சர்ட்டிஃபிகேட்ட காட்டி, நிபந்தனை இல்லாத கார்டுக்கான ஐஆர்1-ஆ மாத்தச் சொல்லிக் கேளுங்க, அதோட ஐ-751 செலவும் அலைச்சலும் இல்ல.

வீடு மாத்தினா

வந்தவங்க பத்து நாளுக்குள்ள ஏஆர்-11, ஸ்பான்சர் 30 நாளுக்குள்ள ஐ-865 போடணும், ரெண்டுமே அட்ரஸ் மாறினத சொல்ற ஃபார்ம்.