செட்டிநாட்டில் பதினோரு மணிக் காபி: எப்போது போவது, என்ன கேட்பது

சென்னையில் ‘ப்ரன்ச்’ என்றால் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்து ஒரு மணி வரை எழுந்திருக்காமல் இருப்பது. அதே கணக்கில் காரைக்குடிக்கு வந்தால் வயிறு காயும். 11 மணிக்கு இங்கே தோசைக்கல் ஆறிப்போயிருக்கும். உள்ளே மதியச் சாப்பாட்டுக்கு உலை கொதித்துக்கொண்டிருக்கும். கேட்டால், “காபி, டீ மட்டும்தாண்ணே இருக்கு” என்று பதில் வரும். கடைக்காரர் மேல் தப்பில்லை. இந்த ஊர் அடுப்புக்கென்று ஒரு நேரம் இருக்கிறது, நாம்தான் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

பெரும்பாலான டிபன் கடைகளில் ஆறரை, ஏழுக்கு இட்லி இறங்கும். எட்டிலிருந்து ஒன்பது வரை கூட்டம். ஒன்பதரைக்கு மேல் மாவு அடிச்சட்டிக்கு வந்துவிடும், பத்தரைக்குக் கடை கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அதன் பிறகு மூன்றரை, நாலு மணிக்கு மறுபடி எண்ணெய்ச் சட்டி ஏறும். அதுதான் இடைப்பலகாரம். வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கந்தரப்பம் எல்லாம் பல கடைகளில் இந்த நேரத்துச் சரக்கு. காலையில் தேடி அலைந்துவிட்டு ‘செட்டிநாட்டிலேயே பணியாரம் கிடைக்கலை’ என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, 9.15-க்கு டிபன் கடையில் உட்கார்ந்து பாதி வயிறு சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்கு ஒரு கபேயில் காபியோடு ஆற அமர இருப்பது. இரண்டு, பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளுக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போவது. காசும் குறைவு, நாக்குக்கும் நல்லது என்று பார்த்தால் முதல் வழிதான்.

எந்த நாள்

முகூர்த்த நாளாக இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். கல்யாண சீசனில் கைதேர்ந்த சமையல்காரர்கள் விசேஷ வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடையில் கையாள் சுட்ட பணியாரம்தான் கிடைக்கும். பிள்ளையார்பட்டிப் பக்கம் போவதாக இருந்தால் சங்கடஹர சதுர்த்தியைத் தவிருங்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பழனி பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடி ரோட்டில் நிறைந்திருக்கும். அப்போது காரில் வேகமாகப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் தெருவில் நடக்க முடியாது. அந்த மாதங்களில் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுங்கள்.

டிபன் கடையில் எவ்வளவு சாப்பிடுவது

இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 2 இட்லி, நடுவில் ஒரு தோசை, அதோடு நிறுத்துங்கள். இடியாப்பம் இருந்து, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கோசமல்லியும் இருந்தால் இட்லியை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். கோசமல்லி என்பது கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளிக்கரைசல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துத் தாளித்தது. சாம்பார் மாதிரி ஓடக் கூடாது, இடியாப்பத்தின் மேல் ஊற்றினால் நிற்க வேண்டும். நீர்த்து வந்தால் கூட்டத்துக்காகத் தண்ணீர் விட்டு நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளைப் பணியாரம் காலையிலேயே போடும் கடை கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். அதன் அளவு சொல்லிவைத்தாற்போல எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் உளுந்தைக் கோபுரமாக எவ்வளவு நிற்குமோ அவ்வளவு வைத்து, இரண்டையும் ஒன்றாக ஊறப்போடுவது. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். நைசாக அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் விட்டுக் கரைத்து, கரண்டியால் மொண்டு காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றுவார்கள். புளிக்க விடுவதில்லை. சரியாக வந்த பணியாரம் ஓரம் லேசாகச் சுருங்கி, நடுவில் உப்பி, மல்லிகைப்பூ நிறத்தில் இருக்கும். சிவந்திருந்தால் மாவு பழசு, அல்லது எண்ணெய் மிஞ்சிக் காய்ந்துவிட்டது. விரலால் அழுத்தி எண்ணெய் கசிந்தால் உளுந்து கூடிப்போயிருக்கிறது. கல் மாதிரி இருந்தால் மாவு கெட்டி. தட்டு வந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், போட்டோ எடுக்க நேரமில்லை. தொட்டுக்கொள்ள வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி வைத்து அரைத்த காரச் சட்னிதான். தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டால் பணியாரத்தின் பால்சுவை தெரியாது.

காபி

இதற்குத்தான் பதினோரு மணி. காலைக் கூட்டத்துக்குப் போட்ட டிகாஷன் பத்து மணிவாக்கில் தீர்ந்துபோய், மறுபடி பில்டர் போடும் நேரம் அது. உட்காரும் முன்னால் மாஸ்டரிடம், “டிகாஷன் இப்ப போட்டதாண்ணே?” என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “பத்து நிமிஷம் ஆகும்” என்றால் அது நல்ல சேதி, காத்திருங்கள்.

பில்டரில் நடப்பது இதுதான். 20 கிராம் பொடிக்குக் கொதித்து இறக்கிய தண்ணீர் சுமார் 100 மில்லி. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடை வட்டை வைத்து லேசாக அழுத்தி, தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி மூடினால் 15 முதல் 20 நிமிடத்தில் சொட்டிச் சொட்டி இறங்கும். ரொம்ப அழுத்தினால் இறங்காமல் நிற்கும், அழுத்தவே இல்லையென்றால் ஐந்தே நிமிடத்தில் வெளிறிய தண்ணீராக ஓடிவிடும். தண்ணீர் சூடு போதாமல் போனால் மணமே எழாது. ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் என்பது நடுத்தரம். ஸ்ட்ராங் கேட்டால் ஒன்றுக்கு இரண்டு.

வந்த டம்ளரைக் குடிக்கும் முன்னாலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். நுரை பொடிப்பொடியாக நின்றால் பால் கெட்டி. பெரிய பெரிய குமிழாக வந்து உடனே உடைந்தால் பாலில் தண்ணீர். மேலே ஏடு மிதந்தால் அடுப்பிலேயே கிடந்து பலமுறை கொதித்த பால், அதில் ஒரு கரிந்த வாடையும் இருக்கும். புளிப்பு தட்டினால் மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடந்த டிகாஷன். கசப்பு மட்டும் இருந்து மணம் இல்லையென்றால், ஆறின டிகாஷனைச் சூடு பண்ணியிருக்கிறார்கள் அல்லது சிக்கரி தூக்கல். பொடி வாங்கிப் போக ஆசைப்பட்டால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி எத்தனை, சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் பேர்போனது. அந்தக் குழாய்த் தண்ணீரில் போட்ட காபிக்கும், உப்பேறிய போர்த் தண்ணீரில் போட்டதற்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். ஒரு கடையில் காபி காரணமே இல்லாமல் சப்பென்று இருந்தால் பொடியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.

சொல்லும் விதம்: “டிகாஷன் தூக்கலா, அரைச் சக்கரை, ஆத்தாம குடுங்க.” இனிப்பு ஏதாவது சாப்பிட்டிருந்தால், “சக்கரை தனியா.” பால் பணியாரமோ கவுனி அரிசி இனிப்போ சாப்பிட்ட வாய்க்குச் சர்க்கரை போட்ட காபியும் கசப்பாகத்தான் படும். அதற்குச் சர்க்கரையே இல்லாமல் குடிப்பது மேல். பரிமாறுகிறவர் பெரியவரென்றால் ‘ஐயா’, பெண்ணென்றால் ‘அக்கா’, நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டுப் பெண்மணி என்றால் ‘ஆச்சி’. சின்ன வயசாக இருந்தாலும் ஆச்சிதான், அது மரியாதைச் சொல், வயசைக் குறிப்பதில்லை.

கல்லூரிகள், பல்கலைக்கழகம் உள்ள ஊர் என்பதால் மிஷின் காபி (எஸ்பிரெஸோ) போடும் கபேக்களும் உண்டு. கூட்டமில்லாத வேளையில் மிஷினின் முதல் ஷாட்டை வாங்காதீர்கள். வெகுநேரம் சும்மா கிடந்த மிஷினில் அது சரியாக இறங்காது. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடியில் இறங்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடியில் கொட்டிவிட்டால் புளிக்கும். கோல்டு காபி பெரும்பாலும் இன்ஸ்டன்ட் பொடியும் ஐஸ்கிரீமும்தான். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

பழைய வீடுகளில் உட்கார்வது

பதினோரு மணியை இழுத்துக்கொண்டு உட்கார இதைவிட நல்ல இடம் கிடையாது. காரைக்குடியில் ‘பங்களா’, கானாடுகாத்தானில் ‘விசாலம்’ மாதிரியான விடுதிகளில் வெளியாள் சாப்பிட வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எத்தனை பேர், சைவமா அசைவமா, எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். நேரே போய் நின்றால் காபி கிடைக்கலாம், இலை கிடைக்காது. இலைச் சாப்பாடு சொல்லியிருந்தால் காலையில் 2 இட்லிக்கு மேல் கூடாது.

வளவில், அதாவது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வைத்த தாழ்வாரமுமான பகுதியில், இடம் பார்த்து உட்கார ஒரு கணக்கு: காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து விழுவதால் முற்றத்தின் மேற்குப் பத்தியில் (தாழ்வாரத்தில்) அடிக்கும். கிழக்குப் பத்தியில் உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை நிழல், எதிரே தூண்களின் மேல் வெளிச்சம். படம் எடுக்கவும் அதுவே தோது.

தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கிண்ணத்தால் ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் கொடுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைத்தது. கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போதே அந்தப் பளபளப்பு வந்துவிடுகிறது. காபி சிந்தினால் உடனே துடையுங்கள், ஊற விட்டால் வெளிர்நிறக் கல்லில் கறை நிற்கும். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும், வயசானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

இவற்றில் பல இன்னும் குடும்பங்களின் பொது வீடு. சாமி வீட்டுப் பக்கமும் அடுப்படிப் பக்கமும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். குடும்பத்தில் விசேஷம் என்றால் அன்று வீட்டைப் பார்க்க விட மாட்டார்கள். கனத்த சுவர்களுக்குள் போன் சிக்னல் போய்ப் போய் வரும், ஆகவே பில்லுக்குச் சில்லறையாக 500 ரூபாயாவது கையில் இருக்கட்டும்.

ஒரு காலைப்பொழுது

காரைக்குடியில் 9.15-க்கு டிபன். பத்து மணிக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். பித்தளை பில்டர் வாங்க ஆசை இருந்தால் அங்கே கிடைக்கும், ஆனால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பூச்சு போயிருந்தால் மறுபடி பூசாமல் உபயோகிக்கக் கூடாது. பதினோரு மணிக்குக் காபி. கார் இருந்தால் பத்து மணிக்கு ஆத்தங்குடிக்குப் போய்க் கல் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கானாடுகாத்தான் போய்க் காபி குடிக்கலாம். ஆட்டோ என்றால் ‘வெயிட்டிங்கோட எவ்வளவு’ என்று ஏறும் முன்னாலேயே பேசிவிடுங்கள், கிராமத்திலிருந்து திரும்பி வர வண்டி கிடைப்பது சுலபமில்லை.

இரவு ரயில் என்றால் நாலு மணிக்கு இன்னொரு சுற்று இருக்கிறது. அப்போது மசாலா சீயமும் பால் பணியாரமும். பால் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் சரிபாதி. பொரித்த உருண்டைகளைத் தேங்காய்ப்பாலில் போட்டதும் எடுத்தால் நடு வறண்டிருக்கும், அரை மணி நேரம் கிடந்தால் குழைந்து உடையும். “எப்ப போட்டது?” என்ற அதே கேள்வி இங்கேயும் உதவும். பத்து நிமிடம் என்றால் உடனே வாங்குங்கள்.

வெள்ளைப் பணியாரத்தையும் சீயத்தையும் பார்சல் கட்ட வேண்டாம். டப்பாவுக்குள் ஆவி பிடித்துத் தோல் மாதிரி ஆகிவிடும். ஊருக்கு வாங்கிப் போக வேண்டுமென்றால் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை. ஒன்றை எடுத்து ஒடித்து முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மாவுருண்டை நெய்யில் பிடித்தது, அதை மற்ற பலகாரத்தின் அடியில் வைத்தால் சென்னை ரயில் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் மாவாகிவிடும்.