மாணவர்களோடு வகுப்பறை ஆய்வு: 'பெயர் எழுத வேண்டாம்' என்றால் போதுமா?

எங்கள் துறைக்குப் புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் போன மாதம் தன் வகுப்பிலேயே ஓர் ஆய்வு தொடங்கினார். பாட வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் கணக்குப் போடும் முறை பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நல்ல ஆய்வுதான். ஆனால் இன்டர்னல் டெஸ்ட் பேப்பரைத் திருப்பிக் கொடுத்த அதே மணி நேரத்தில் ஒப்புதல் படிவத்தையும் நீட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் நான் செய்ததும் அப்படியே இதுதான்.

படிவத்தில் தேதி விட்டுப்போவது, கேள்வி குழப்பமாக இருப்பது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மாணவர்களை வைத்து ஆய்வு செய்யும் ஆசிரியர்கள் எளிதில் கவனிக்காத தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

மார்க் கையில் இருக்கும்போதே கருத்துக் கேட்பது

அப்போது என்னிடம் மூன்றாமாண்டு வகுப்பு, 46 பேர். "பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள்" என்று தாள் கொடுத்தேன். ஒரு தாளில் இப்படி இருந்தது: "வீடியோவில் மேம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிறார். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்ந்த எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது." எனக்கு வேண்டியதே அந்த மாதிரி பதில்தான். மறுநாள் வகுப்பில் அதை வாசித்துக் காட்டி, இனி நிதானமாகப் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த வகுப்பில் டிப்ளமோவிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த முறை கருத்துக் கேட்டபோது 46 தாளிலும் "நன்றாக உள்ளது", "சூப்பர் மேம்". ஒரு செமஸ்டர் உழைப்பு வீண். அதைவிட, வருடம் முடியும்வரை அந்தப் பெண் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து சொல்லிவிடும். தமிழ்வழி, ஹாஸ்டல், முதல் தலைமுறைப் பட்டதாரி என்று இரண்டு விவரம் சேர்ந்தாலே சின்ன வகுப்பில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கூகுள் ஃபார்மும் தப்பு வழிதான், ஒருவருக்கு ஒரே பதில் என்று வைத்தால் மாணவர் உள்நுழைந்தாக வேண்டும். மின்னஞ்சலைச் சேகரிக்காதபடி நீங்கள் வைத்திருந்தாலும், ஃபார்மின் தலையில் தன் முகவரியைப் பார்க்கிற பிள்ளை அதை நம்பாது.

இத்தனைக்கும் காரணம் மார்க். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு 100-இல் 40 அகமதிப்பீடு. அதைப் போடுகிறவரே கேட்டால், மாணவர் எப்படி மாட்டேன் என்பார்? மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறிமுறைக்காக அமெரிக்காவில் 1979-இல் வெளியான பெல்மான்ட் அறிக்கையே, அதிகாரத்தில் இருப்பவர் வற்புறுத்தினால், அதுவும் தண்டனைக்கு வாய்ப்புள்ள இடத்தில் வற்புறுத்தினால், அது நியாயமற்ற அழுத்தம் என்கிறது.

இப்போது நான் செய்வது இது. வேறு துறை ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு வந்து விளக்குகிறார். நான் அந்தப் பக்கமே போவதில்லை. சம்மதம், மறுப்பு எல்லாம் ஒட்டிய உறையில் அவரிடமே இருக்கும். செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு, பதில்களை அவரே தட்டச்சு செய்து, ஆளைக் காட்டும் விவரங்களை நீக்கித் தருகிறார். மறுத்தவர்களின் பதில் என் கைக்கு வராது. நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டும்தான். காத்திருங்கள்.

'விருப்பம் இருந்தால் வரலாம்' என்ற கூட்டத்துக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பது

எடுக்காதீர்கள்.

ஆய்வுக் கூட்டாளி என்று பெயர் சூட்டி எக்செல் வேலை வாங்குவது

கேள்விகளை நீங்களே முடிவுசெய்துவிட்டு, தரவு ஏற்றுவதற்கு மட்டும் மாணவரைக் கூப்பிட்டால் அது கூட்டுறவு இல்லை. எதை ஆராய்வது என்ற முதல் பேச்சிலேயே அவர்கள் உட்கார வேண்டும். அமெரிக்காவின் ப்ரின் மார் கல்லூரியில் மாணவர்கள் பேராசிரியரின் வகுப்பைக் கவனித்து, அவரோடு வாராவாரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். தான் படிக்காத பாடத்தின் வகுப்பைத்தான் கவனிப்பார்கள். அதற்குச் சம்பளமும் உண்டு. மார்க் பயம் இல்லாததால் மனம்விட்டுப் பேச முடிகிறது. நம் கல்லூரிகளில் சம்பளம் கொடுக்க வழி இல்லாமல் இருக்கலாம். பக்கத்துத் துறை மாணவரைக் கூப்பிட முடியும், கட்டுரையில் பெயர் போட முடியும்.

முதல் பெஞ்சையும் வகுப்புப் பிரதிநிதியான ரெப்பையும் மட்டும் கூப்பிடுவது

அரியர் வைத்திருப்பவருக்குத்தான் வகுப்பு எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறது என்று தெரியும். அவரையும் கூப்பிடுங்கள்.

முடிவைத் திருப்பிச் சொல்லாமல் விடுவது

கட்டுரை வெளியானதும் சம்பந்தப்பட்ட மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: என்ன சொன்னீர்கள், நான் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை, ஏன். அவர்கள் படிப்பை முடித்துப் போயிருந்தாலும் அனுப்புங்கள். போன வருடம் நான் அனுப்பிய பக்கத்துக்கு மூன்று பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார்.