சொல்லுக்கு முன் விரல்: சிறு பிள்ளைகளில் ஓட்டிசத்தைக் கண்டுகொள்ளல்

“ஆம்பிளைப் பிள்ளைதானே, பிந்தித்தான் கதைப்பான். தேப்பனும் அப்படித்தான்.” யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தப் பேச்சிலேயே பெறுமதியான மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஓட்டிசத்தை, அதாவது மற்றவரோடு பழகுவதும் தொடர்பாடுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலையை, கண்டுகொள்ளச் சொல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விரலைப் பாருங்கள்.

18 மாதப் பிள்ளை முற்றத்தில் காகத்தைக் கண்டால் விரலால் காட்டும். உடனே திரும்பி உங்கள் முகத்தையும் பார்க்கும். நீங்களும் கண்டீர்களா என்று அறியத்தான் அந்தப் பார்வை. பிஸ்கற் கேட்டுக் கை நீட்டுவது இதில் சேராது. உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அலுமாரியில் வைத்துவிட்டு, முகத்தைப் பாராமலே நிற்கும் பிள்ளையைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 12 மாதமாகியும் பெயர் சொல்லக் கூப்பிட்டால் திரும்பாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது, 24 மாதத்தில் “பால் தா” போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்காதது ஆகியவையும் அப்படியே. வந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் தாமதிக்காதீர்கள். சில்லைச் சுழற்றுவது, கையை உதறுவது மட்டும் தனியே எதையும் உறுதிப்படுத்தாது.

18 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு இந்தக் குறிப்புகளையும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். (தடுப்பூசியால் ஓட்டிசம் வராது, அந்தப் பயத்தில் ஊசியைத் தவிர்க்க வேண்டாம்.) 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் உண்டு. 3 புள்ளியோ கூடவோ வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும்; 8 புள்ளியோ கூடவோ வந்தால் நேரே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அது நோய் நிர்ணயம் அல்ல. காது கேட்கும் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். விளம்பரச் சத்தத்துக்கு ஓடிவருகிறதே, காது சரிதான் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

நிபுணரைக் காணக் காத்திருக்கும் நாட்களிலேயே வீட்டில் தொடங்கலாம். பாயில் பிள்ளைக்கு எதிரே, முகம் நேருக்கு நேர் வரும்படி இருங்கள். ரீவியும் போனும் நிற்கட்டும். விருப்பமான சாமானை மூடி இறுக்கிய, உள்ளே இருப்பது தெரியும் போத்தலில் போட்டு வையுங்கள். திறக்க உங்களிடம் வந்தே ஆக வேண்டும். முறுக்கென்றால் சின்னத் துண்டாக முறித்து ஒன்று கொடுத்துவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பார்த்தாலோ, கை நீட்டினாலோ, சத்தம் வந்தாலோ உடனே “தா” என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். ஒரு முறைக்குப் பத்து நிமிடம், நாளில் மூன்று நான்கு தடவை போதும்.

பெரும்பாலும் பிழை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, அந்தப் பத்து எண்ணும் பொறுமை இல்லாமல் “சொல்லு, சொல்லு” என்று நெருக்குவது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்றது, அம்மம்மா “மம்மம்” என்பார், அம்மா “சோறு” என்பார், வெளிநாட்டுச் சித்தி வீடியோவில் “ரைஸ்” என்பார். இரண்டு மொழியால் ஓட்டிசம் வருவதில்லை. ஆனால் பழக்கும் முதற் சொற்களை வீட்டார் எல்லாரும் ஒரேமாதிரிச் சொன்னால் பிள்ளைக்குப் பிடிப்பது சுலபம். சைகையும் படமும் பேச்சைத் தடுக்காது, தாராளமாகக் காட்டுங்கள். கண்ணைப் பார் என்று நாடியைப் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதென்றால் சனம் குறைந்த நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். போகும் இடத்தின் படத்தை முதல்நாளே காட்டுங்கள். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினால் அது அடம் அல்ல, உண்மையான வேதனை. அதட்டாமல் வெளிவீதிக்குத் தூக்கி வந்து, அழுகை அடங்கும்வரை கதை கொடுக்காமல் பக்கத்தில் இருங்கள்.